சுவர் எதைப் பார்க்கிறது?

தமிழில் ‘சட்டம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. படத்தைச் சுற்றி அடிக்கிற மரச்சட்டமும் சட்டம்தான். நீதிமன்றத்தில் வாதிடப்படுவதும் சட்டம்தான். எது உள்ளே, எது வெளியே என்று கோடு கிழிப்பது இரண்டுக்கும் பொதுவான வேலை. கைப்பேசியை உயர்த்திப் படமெடுக்கிற ஒவ்வொருவரும் அந்த ஒரு நொடிக்குச் சட்டம் இயற்றுகிறவராகிவிடுகிறோம். இது உள்ளே வரலாம், அது வரக் கூடாது. இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் அதிகாரம் என்பதாலேயே அதை அதிகாரம் என்று நாம் நினைப்பதில்லை.

பொதுச்சுவரில் எழுதிய ஓவியத்தைப் படமெடுக்கும்போது இந்தக் கேள்வி கூர்மையாகிறது. அருங்காட்சியகத்தில் மாட்டிய ஓவியம் தன் சட்டத்தோடு வருகிறது. சுவரோவியத்துக்குச் சட்டம் கிடையாது. அதன் கீழே சாக்கடை ஓடும். பக்கத்தில் டீக்கடை இருக்கும். மேலே மின்கம்பி போகும். அடியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ஓவியம் எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்பதைப் படமெடுப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். அப்படித் தீர்மானிக்கும்போது யாரை நாம் வெளியே நிற்கச் சொல்கிறோம்? இது ரசனை பற்றிய கேள்வி மட்டும்தானா? அறம் பற்றிய கேள்வியும் என்றே நான் நினைக்கிறேன்.

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் இருக்கிறது வடக்கனந்தல். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019-க்குப் பிறகு இந்தப் பக்கத்துச் சுவர்களில் வண்ணம் கூடியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பள்ளிச் சுற்றுச்சுவர், அரசுக் கட்டடங்களின் வெளிச்சுவர், நீர்த்தேக்கத் தொட்டியின் தூண் என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் படம். வள்ளுவர் இருக்கிறார், பாரதியார் இருக்கிறார், அப்துல் கலாம் தவறாமல் இருக்கிறார். இவர்களோடு பெயரில்லாத பெண்களும் இருக்கிறார்கள். புத்தகம் பிடித்த சிறுமி, குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய், இடுப்பில் குடம் வைத்த உழவர் வீட்டுப் பெண், குப்பையைத் தரம் பிரித்துப் போடும் இல்லத்தரசி. ஆண்களுக்குப் பெயர் உண்டு. பெண்களுக்குக் கருத்துதான் உண்டு. பெண் கல்வி, தாய்ப்பால், தூய்மை, சிக்கனம். எல்லாப் பெண்களும் சிரிக்கிறார்கள். யாருக்கும் வெயில் பட்ட தோல் இல்லை.

சில ஆண்டுகளாக இந்தச் சுவர்களைப் படமெடுத்து வருகிறேன். ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது. நான் கைப்பேசியை உயர்த்தியதும் சுவரடியில் இருக்கும் பெண்கள் எழுந்துவிடுகிறார்கள். யாரும் நகரச் சொல்வதில்லை. கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: “படம் புடிக்கிறியாம்மா? இரு இரு, நான் நவுந்துக்கிறேன்.” நீங்கள் இருந்தால் பரவாயில்லை என்றேன். “நான் எதுக்கும்மா அதுல? அழுக்குப் பொடவையக் கட்டிக்கினு... பொம்ம நல்லா வரட்டும்” என்று கூடையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார். அதே சுவரில் இரு சக்கர வண்டியைச் சாய்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த இளைஞர் நகரவில்லை. தலைமுடியைக் கோதிக்கொண்டு கேமராவைப் பார்த்தார்.

இந்த வேறுபாட்டைக் குணம் என்று சொல்லித் தாண்டிவிட முடியாது. அந்த அம்மாவின் உடல் பல இடங்களில் கற்ற பாடம் அது. விருந்தினர் வந்தால் கூடத்திலிருந்து அடுக்களைக்கு நகர்வது, திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் பின்வாசல் வழியாகப் போவது, குடும்பப் படம் எடுக்கும்போது யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பது, அல்லது அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று படத்துக்கே வராமல் போவது. நான் சட்டம் போடுவதற்கு முன்பே அவர் தன்னைச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டார். ஆகவே ஆளில்லாத ‘சுத்தமான’ சுவரோவியப் படம் என்று நாம் பாராட்டுவது வெறுமையான ஒன்றல்ல. யாரோ நகர்ந்து கொடுத்ததால் கிடைத்த வெறுமை அது.

சுவரைப் படமெடுப்பவர்களிடம் இதைப் பேசினால் பொதுவாக இரண்டு பதில்கள் வரும். முதல் பதில்: ஓவியத்தைப் பதிவு செய்ய வந்தோம், ஓவியத்தைத்தான் எடுக்க வேண்டும், முன்னால் ஆளை நிறுத்துவது ஓவியருக்குச் செய்யும் அவமரியாதை. இரண்டாவது பதில்: வெறும் சுவரை எடுத்தால் உயிர் இருக்காது, முன்னால் ஒரு பாட்டியோ குடம் சுமக்கும் பெண்ணோ நடந்து போகும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். இரண்டு பதில்களிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே குறையும் இருக்கிறது.

முதல் பதிலிலிருந்து தொடங்குவோம். ஓவியருக்கு உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தை யாரும் படமெடுத்து வெளியிடலாம் என்று அதன் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அந்த இடத்தில் ஓவியத்தைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. 57-ஆம் பிரிவு, படைப்பைச் சிதைத்தால் படைப்பாளி எதிர்க்கலாம் என்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனின் சுவருக்குச் செய்துகொடுத்த பெரிய வெண்கலப் புடைப்புச் சித்திரத்தை 1979-இல் கழற்றிச் சேமிப்பறையில் போட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு விலை கொடுத்து வாங்கிய சுவராக இருந்தாலும் அதில் செய்தவரின் பங்கு அழிவதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நல்ல தீர்ப்பு.

ஆனால் ஒரு சுவரில் பங்கு உள்ளவர்கள் கட்டடத்தின் சொந்தக்காரரும் ஓவியரும் மட்டுமா? ‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்று நம் பழமொழி சொல்கிறது. உடம்பைப் பேணச் சொல்வதற்காகவே அதை எடுத்தாள்கிறோம். நேர்ப்பொருளில் படித்துப் பார்க்கலாம். சுவரை வைத்தது யார்? மணலும் செங்கல்லும் தலையில் சுமந்து சாரத்தில் ஏறிய சித்தாள் பெண். சுவரடியைக் கூட்டுவது யார்? விடிவதற்குள் வரும் தூய்மைப் பணியாளர் பெண். அதன் முன்னால் தினமும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு மாலைக்குள் அழியக் கொடுப்பவர், எதிர்வீட்டுப் பெண். கோலம் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பொதுவெளி ஓவியம். அதில் கையெழுத்து கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. சுவரோவியத்தை நேராக எடுக்க முனைகிற படத்தில் முதலில் வெட்டுப்படுவது கீழ் விளிம்பு, அதாவது கோலம். ஓவியருக்காகப் பேசும் சட்டம் இவர்கள் யாருக்காகவும் பேசுவதில்லை. சட்டம் பேசாத இடத்தில்தான் அறம் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பதில் இதைச் சரிசெய்வதுபோல் தோன்றும். அந்தப் பெண்ணைப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் போதாதா? சென்னை கண்ணகி நகர் இதற்கு நல்ல சோதனை.

நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைப் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி 2000 முதல் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். 15,000-க்கும் மேற்பட்ட சிறு வீடுகள். வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு, வேலை செய்த வீடுகள் ஒரே நாளில் பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால் போய்விட்டன. நீதி கேட்டு நகரத்துக்குள் நுழைந்த பெண்ணின் பெயரை, நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்திருக்கிறோம் என்பதைத் தமிழ் படித்தவர்களால் கவனிக்காமல் இருக்க முடியாது. முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்பது அங்கே வளர்ந்த இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை. 2020-இன் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் அரசுத் துறைகளோடு சேர்ந்து அந்தக் குடியிருப்புகளின் பக்கச்சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்கள் எழுத ஏற்பாடு செய்தன. ஊரின் பெயருக்குப் படிந்த கறையைத் துடைப்பது நோக்கங்களில் ஒன்று. அந்த நோக்கத்தை எள்ளி நகையாட மாட்டேன். தன் ஊரைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள் என்பது அங்கே வளரும் பிள்ளைக்கு என்ன தரும் என்பதை, பெயர் கெட்ட ஊரிலிருந்து வந்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

ஆனால் அந்தச் சுவர்களின் படங்கள் எப்படி வலம் வருகின்றன என்று பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்றில், சுவர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. கீழே பிளாஸ்டிக் குடங்களின் வரிசை தொடங்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே படம் முடிந்துவிடுகிறது. மற்றதில், வண்ண முகத்தின் கீழே ஒரு சிறு உருவமாய் ஒரு பெண் குடத்தோடு நடந்து போகிறார். அவர் எதற்காக அங்கே இருக்கிறார்? சுவர் எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காக. அவருடைய புடவையின் மஞ்சள், ஓவியத்தின் மஞ்சளோடு ஒத்துப்போனதற்காக. முதல் படத்தில் அவர் இடைஞ்சல்; இரண்டாவதில் அளவுகோல். இரண்டிலும் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் சொன்ன குறை இதுதான். உள்ளே சேர்ப்பதா வெளியே வைப்பதா என்பதை மட்டும் விவாதிக்கும்போது, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி தப்பித்துப் போகிறது.

படத்துக்குள் இருப்பதே ஒரு வெற்றி என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். எங்கள் மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகத்துக்குச் சித்திரையில் போய் நின்றால் அந்த நம்பிக்கை போய்விடும். கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதையும், மறுநாள் தாலியறுத்து வெள்ளை உடுத்தி அழுவதையும் படமெடுக்க எத்தனையோ கேமராக்கள் வருகின்றன. மணக்கோலமும் ஒப்பாரியும் படத்துக்குள் வந்துவிடுகின்றன. வாடகைக்கு வீடு கிடைக்காததும் ரேஷன் அட்டைக்கு அலைந்ததும் ஆண்டின் மற்ற நாட்களும் வருவதில்லை. இவர்கள் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் அல்லர். சட்டத்துக்குள்ளேயே பிடித்து வைக்கப்பட்டவர்கள். ‘படம் பிடிப்பது’ என்று தமிழ் சொல்வது எவ்வளவு பொருத்தம்! 2016-இல் பெங்களூருவில் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய அரவானி ஆர்ட் புராஜெக்ட், கூவாகத்தின் அரவானிலிருந்து வந்த சொல்லைத் தன் பெயராக வைத்திருக்கிறது. அதில் திருநங்கைகளே தூரிகையோடு சாரத்தில் ஏறிப் பல நகரங்களின் சுவர்களில் முகங்களை எழுதுகிறார்கள். எந்த முகம், எவ்வளவு பெரிதாக, எந்தப் பக்கம் பார்த்தபடி என்பதை அவர்களே பேசி முடிவெடுக்கிறார்கள். பிடிக்கப்பட்டவர்கள் எழுதுகிறவர்களாகும்போது என்ன மாறுகிறது? பார்வையின் திசை மாறுகிறது.

இந்தத் திசை என்பதை விளக்க ஒரு பழைய சுவருக்குப் போக வேண்டும். விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதன் சிறு சந்நிதி ஒன்றின் சுவரில் தேவியின் ஓவியம் கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கிறது. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு கால் மடங்கியிருக்க இலேசாகச் சாய்ந்து நிற்கிறாள். தமிழக ஓவியம் பற்றிய நூல்களில் இவள் படம் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் இவள் மட்டும்தான். முகமும் தோளும் மட்டும் தெரியும்படி நெருக்கமாக எடுத்த படங்களும் உண்டு. அப்படிப் பார்க்கும்போது, பார்க்கப்படுவதற்கென்றே நிற்கும் ஓர் அழகி என்று தோன்றும்.

ஆனால் அந்தப் பெண் அங்கே ஒரு வேலையாக நிற்கிறாள். அடுத்த சுவரில் சிவன் ஆடிக்கொண்டிருக்கிறான். அதை அவள் பார்க்கிறாள். அவன் ஆடும் சுவர் பெரும்பாலும் அழிந்துவிட்டது, மங்கிய கோடுகள்தாம் மிச்சம். ஆகவே படமெடுப்பவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். அதன் விளைவைப் பாருங்கள். ஓவியர் எழுதியது பார்க்கிற பெண்ணை. நம் சட்டம் அவளைப் பார்க்கப்படுகிற பெண்ணாக்கிவிட்டது. ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை, ஒரு நிறத்தைக்கூடத் தொடவில்லை. எங்கே வெட்டுவது என்ற ஒரே முடிவினால் எழுவாய் செயப்படுபொருளாகிவிட்டது. இலக்கணம் நடத்துகிறவளாக எனக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

வேறு வழியில் சட்டம் போட முடியும் என்பதற்கும் நம்மிடம் மிகப் பழைய சான்று இருக்கிறது. பரிபாடலின் 19-ஆம் பாடல் திருப்பரங்குன்றத்துக் கோயிலில் இருந்த ஓவியங்களைப் பற்றிப் பேசுகிறது. காமனும் ரதியும், பூனையாக மாறிய இந்திரன், அகலிகை, சினந்த கௌதமன் ஆகியோர் அங்கே எழுதப்பட்டிருந்தார்கள். அந்தப் புலவர் ஓவியத்தை மட்டும் தனியே வர்ணித்துவிட்டு நகரவில்லை. அங்கே வந்தவர்கள் இது யார், அது யார் என்று கேட்பதையும், தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டிச் சொல்வதையும் சேர்த்தே பாடுகிறார். சுவரும் சுவர் முன்னால் நிற்பவர்களும் பேச்சும் ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. அகலிகையின் கதை அங்கே கல்லாகிப்போன ஒருத்தியின் கதையாக முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ கேட்க, யாரோ சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்பவர் ஒரு பெண்ணாக இருந்தால் கதை எப்படி மாறியிருக்கும் என்று வகுப்பில் மாணவிகள் கேட்பார்கள். கேட்க இடம் இருக்கிறது, ஏனென்றால் புலவர் பார்வையாளர்களை வெட்டி எறியவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஓவியத்தை மட்டும் நெருக்கமாக, துல்லியமாக எடுத்த படங்கள் இல்லையென்றால் எத்தனையோ சுவர்கள் சுவடில்லாமல் போயிருக்கும். 1933-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் டியேகோ ரிவேரா எழுதிக்கொண்டிருந்த சுவரோவியத்தில் லெனினின் முகம் இருந்ததால் வேலையை நிறுத்தினார்கள். 1934 பிப்ரவரியில் அதை உடைத்துப்போட்டார்கள். அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஓர் இளம்பெண். ரிவேராவின் உதவியாளராக இருந்த லூசியன் பிளாக், காவலையும் மீறிச் சட்டைக்குள் ஒரு சிறு கேமராவை மறைத்துக்கொண்டுபோய்ப் படமெடுத்தார். அந்த ஓவியத்தை ரிவேரா மெக்சிகோ நகரத்தில் மீண்டும் எழுதியபோது அந்தப் படங்கள் உதவின. அன்று பிளாக் சுவரைச் சுற்றியிருந்த வாழ்க்கையை எடுக்கவில்லை, சுவரைத்தான் எடுத்தார். அதுதான் அன்றைய அறம். அழியப்போகும் ஒன்றின் முன் நிற்கும்போது நெருக்கமான சட்டம் ஒரு சாட்சி.

ஆகவே எல்லாப் படத்திலும் ஆள் இருக்க வேண்டும் என்று நான் விதி சொல்ல வரவில்லை. ஒரே படத்தில் நியாயம் முழுவதையும் அடைக்க முடியாது. அதனால்தான் என் மாணவிகளிடம் இரண்டு படம் கேட்கிறேன். முதல் படம் சுவரை எடுப்பது. எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டாவது படத்துக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஓவியத்தில் இருக்கும் பெண் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ அதை எடுக்க வேண்டும். பனமலைத் தேவிக்கு நாம் செய்யத் தவறியதை நம் தெருவில் செய்து பார்க்கலாம் அல்லவா?

இந்த இரண்டாவது படம் எதிர்பாராத வேலைகளைச் செய்கிறது. ‘பெண் குழந்தைகளைக் காப்போம்’ என்ற வாசகத்தின் கீழே சிரிக்கும் சிறுமிக்கு எதிரே என்ன இருக்கிறது? ஒரு மாணவி எடுத்து வந்ததில், ஆண்கள் மட்டுமே நிறைந்த ஒரு டீக்கடை பெஞ்சு. அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு பெண்ணையும் அந்த பெஞ்சு பார்க்கிறது. இப்போது சுவர் அந்த பெஞ்சைப் பார்த்தது. தாய்ப்பாலின் சிறப்பைச் சொல்லும் ஓவியத்துக்கு எதிரே, உட்கார ஒரு திண்டுகூட இல்லாத பேருந்து நிறுத்தம். கைக்குழந்தையோடு நிற்கும் பெண் அந்த ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். தண்ணீர் சிக்கனம் பற்றிய சுவர், காலிக் குடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரையும் குற்றம் சாட்டாமல், யார் முகத்தையும் பிடிக்காமல், சுவர் சொல்வதையும் தெரு சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறது.

வெள்ளிமலைப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி, “எங்க ஊருல செவுத்துல படமே இல்ல மேம்” என்றாள். சுவர் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் தன் அம்மா செம்மண் குழைத்துப் பூசிய வீட்டுச் சுவரை எடுத்துவந்தாள். விரல்கள் இழுத்த வளைவுகள் அதில் வரிசையாகத் தெரிந்தன. இரண்டாவது படம், அந்தச் சுவருக்கு எதிரே இருந்த சரிவும் மரவள்ளிக் கொல்லையும் அதில் குனிந்திருந்த அம்மாவும். கையெழுத்துப் போடாத ஓவியரின் கையையும் உழைப்பையும் அந்த இரண்டு படங்கள் ஒன்று சேர்த்தன. வகுப்பு சிறிது நேரம் பேசவில்லை. அந்தப் பெண்ணும் முதல் முறையாகத் தன் ஊரைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசினாள்.

இனி, நகர்ந்து போன அம்மாவின் கேள்வி. “நான் எதுக்கும்மா அதுல?” என்பதைத் தாழ்வு மனப்பான்மை என்று மட்டும் படித்தால் அவரை நாம் மறுபடியும் அவமதிக்கிறோம். படத்தில் இல்லாமல் இருக்க ஒரு பெண்ணுக்கு நல்ல காரணங்கள் இருக்கலாம். தன் முகம் எந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும், யார் அதை எப்படி மாற்றுவார்கள், வீட்டில் யார் என்ன கேட்பார்கள் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். வலிந்து உள்ளே இழுப்பது பெண்ணியமாகாது. அதே நேரம், நகர்வதுதான் பெண்ணுக்கு அழகு என்று கற்பித்த ஊரின் வசதிக்கு நம் கேமராவும் துணைபோகக் கூடாது. ஒருவர் விரும்பி விலகுவதற்கும் பழக்கத்தால் விலகுவதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு நேரம் வேண்டும். கைப்பேசியைக் கீழே இறக்க வேண்டும். கீரை என்ன விலை என்பதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும். கேட்ட பிறகு அவர் வேண்டாம் என்றால், அந்த ‘வேண்டாம்’ படத்தின் பகுதியாக வேண்டும்.

அது எப்படிப் படத்தில் வரும்? இங்கேதான் மொழி உதவிக்கு வருகிறது. படத்தின் கீழே எழுதும் இரண்டு வரிக் குறிப்பும் ஒரு சட்டம்தான். ஒளியால் முடியாததை அது செய்யும். யார் எழுதிய ஓவியம், யார் அந்தச் சுவரடியில் உட்காருகிறார்கள், எந்த நேரம், யார் படத்தில் வர மறுத்தார்கள் என்பதை அவர்கள் பெயரையோ முகத்தையோ காட்டாமல் சொல்லிவிடலாம். வெட்டிய இடத்தில் வெட்டினோம் என்று சொல்லும் படம், முழுவதையும் காட்டுவதாக நடிக்கும் படத்தைவிட நேர்மையானது. அழகான படத்துக்கு இதனால் எந்தக் குறையும் வராது. கீழே நான்கு சொல் கூடும், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு வந்த இணைப் படங்களில் ஒன்றை நான் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் படத்தில், புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் சிறுமியின் ஓவியம். இரட்டைச் சடை, நீல ரிப்பன். இரண்டாவதில், அந்தச் சுவருக்கு எதிரே மாலைப் பேருந்துக்காகப் பையை மார்போடு அணைத்தபடி நிற்கும் மாணவிகள். எடுத்தவளும் அந்தப் பேருந்தில் போகிறவள்தான். படத்தின் இடது ஓரம் கொஞ்சம் காலியாக இருக்கிறது. தரையில் இரண்டு நிழல்கள் மட்டும் உள்ளே நீண்டிருக்கின்றன. கீழே அவள் எழுதியிருந்த குறிப்பு இது:

“மாலை 5.40. சுவரில் இருக்கும் பெண் படித்துக்கொண்டிருக்கிறாள். எதிரே நாங்கள் ஒன்பது பேர் பேருந்துக்கு நிற்கிறோம். படத்தில் ஏழு பேர் இருக்கிறோம். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் இடப்பக்கம் நிற்கிறார்கள்.”